ஆஸ்திரேலியாவுக்குப் புதியவரா? உள்நாட்டு விமான டிக்கெட்டை மலிவாக எடுக்க ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியா வந்து இறங்கிய சில மாதங்களில் எல்லாருக்கும் ஒரு விஷயம் உறைக்கும். இந்த நாடு வரைபடத்தில் தெரிவதைவிடப் பெரியது. மெல்பர்னில் வேலை கிடைத்தவருக்கு சிட்னியில் இருக்கும் சித்தப்பா வீடு காரில் கிட்டத்தட்ட 880 கிலோமீட்டர். ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். ரயில் இருக்கிறது, ஆனால் நாளுக்கு இரண்டே முறை, பதினோரு மணி நேரம் ஆகும். பெர்த்தில் நண்பன் இருந்தால் கேட்கவே வேண்டாம். சிட்னியிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஆக, ஊரைவிட்டு ஊர் போக வேண்டுமென்றால் விமானம்தான். விதிவிலக்கு சிட்னி–கான்பெரா மாதிரியான தூரம். மூன்று மணி நேரத்தில் பஸ்ஸே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அதற்கு விமானம் ஏறுவது வீண் செலவு.

டிக்கெட் விலை என்று திரையில் தெரிவதையும் பயணத்துக்கு நிஜமாக ஆகும் செலவையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டு வாசலில் தொடங்கி, போய்ச் சேரும் வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கைச் சுற்றித்தான்.

முதல் படி: ஊரிலிருந்து கிளம்பும் முன்பே

உள்நாட்டு விமானத்தில் பணம் மிச்சம் பிடிக்கச் சிறந்த இடம் சென்னையிலோ கொழும்பிலோ இருக்கிறது. முதல் டிக்கெட்டை வாங்கும்போதே, எந்த நகரத்தில் குடியேறப் போகிறீர்களோ அந்த நகரத்துக்கு நேரே சர்வதேச விமானம் வருகிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிட்னி, மெல்பர்ன் தவிர பிரிஸ்பேன், பெர்த், அடிலெய்டு, டார்வின், கெய்ர்ன்ஸ் ஆகிய ஊர்களுக்கும் பறக்கிறது. அடிலெய்டில் படிக்கப் போகிறவர் மெல்பர்ன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து அடிலெய்டுக்குத் தனியாக ஒரு மலிவு டிக்கெட் என்று எடுத்தால், நூறு டாலர் மிச்சம் போலத் தெரியும். அப்புறம்தான் தலைவலி.

எப்படியென்றால், சர்வதேச டிக்கெட்டில் உங்களுக்கு 30 கிலோ, சில மாணவர் டிக்கெட்டுகளில் 40 கிலோ வரைகூட அனுமதி இருக்கும். தனியாக எடுத்த மலிவு உள்நாட்டு டிக்கெட்டில் கையில் 7 கிலோ மட்டும். குக்கர், மிக்ஸி, போர்வை, மசாலாப் பொடி என்று கட்டி வந்த இரண்டு பெட்டிகளுக்கும் அங்கே காசு கட்டி மாளாது. அதோடு, நாட்டுக்குள் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடியேற்றம், சுங்கம், உயிரியல் பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிய வேண்டும். பெட்டியை எடுத்து, சோதனை வரிசையில் நின்று, சாப்பாட்டுப் பொருளை அறிவித்து, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். தனித்தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஹோபார்ட், கான்பெரா, டவுன்ஸ்வில் மாதிரி ஊர்களுக்குப் போகிறவர்கள் எப்படியும் விமானம் மாற வேண்டியிருக்கும். அவர்கள் கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டும். முழு லக்கேஜ் அனுமதியும் கடைசி வரை வரும், தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது ஏர்லைனின் பொறுப்பு. நடுவில் குறைந்தது மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

யார் யார் பறக்கிறார்கள்

இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பெரிய நகரங்களுக்கு இடையே இங்கே பறப்பவை மூன்று பெயர்கள்: குவாண்டஸ், ஜெட்ஸ்டார், வெர்ஜின் ஆஸ்திரேலியா. இதில் ஜெட்ஸ்டார் குவாண்டஸுக்குச் சொந்தமானது. ஆக உண்மையில் போட்டி இரண்டு வீட்டுக்கு இடையேதான். வெளிநாட்டு ஏர்லைன்கள் உள்நாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஊர் பறக்க இங்கே சட்டம் இடம் தருவதில்லை. புதிதாக வந்தவர்களும் நிலைக்கவில்லை. டைகர்ஏர் 2020இல் மூடப்பட்டது. போன்ஸா 2023இல் பறக்கத் தொடங்கி 2024 ஏப்ரலில் நின்றது. ரெக்ஸ் 2024 ஜூலையில் பெரிய நகரங்களுக்கு இடையிலான ஜெட் சேவையைக் கைவிட்டு, சிற்றூர்களோடு நிறுத்திக்கொண்டது. பழைய ஆலோசனைகளில் இந்தப் பெயர்களைப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மூன்றே பெயர்கள் என்பதில் ஒரு வசதியும் உண்டு. பத்து இடங்களில் தேட வேண்டியதில்லை, மூன்று வலைத்தளங்களைப் பார்த்தால் சந்தை முழுவதையும் பார்த்தாயிற்று.

இரண்டாம் படி: பெட்டிக் கணக்கு

எல்லாவற்றிலும் அதிகம் காசு போகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குவாண்டஸின் உள்நாட்டு எகானமி டிக்கெட், மிக மலிவான வகையிலும்கூட, 23 கிலோ பெட்டியைச் சேர்த்தேதான் வருகிறது. கொறிக்கவும் ஏதாவது தருவார்கள். வெர்ஜினின் அடிமட்ட வகையான ‘லைட்’ டிக்கெட்டில் செக்-இன் பெட்டி கிடையாது. அதற்கு மேல் உள்ள வகைகளில் உண்டு. ஜெட்ஸ்டாரின் அடிப்படை டிக்கெட்டில் கையில் கொண்டுபோகும் இரண்டு உருப்படிக்கும் சேர்த்து 7 கிலோ. சாப்பாடு, பெட்டி, விரும்பிய சீட் எல்லாம் தனிக் காசு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, ஐந்து வயதுக் குழந்தை. மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு ஒரு வழி. ஜெட்ஸ்டாரில் ஆளுக்கு 65 டாலர், குவாண்டஸில் 109 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு 195, 327. வித்தியாசம் 132 டாலர். யோசிக்காமல் ஜெட்ஸ்டாரை அழுத்தத் தோன்றும். இப்போது இரண்டு பெட்டி சேருங்கள், ஒன்றுக்கு 40 என்றால் 275 ஆகிவிடும். மூவரும் சேர்ந்து உட்கார சீட்டுக்கு எட்டு எட்டாக 24 கொடுத்தால் 299. வித்தியாசம் 28 டாலருக்கு இறங்கிவிட்டது. அந்த 28 டாலருக்குக் குவாண்டஸ் மூன்றாவது பெட்டியையும் ஏற்றிக்கொள்கிறது. அதே குடும்பம் எல்லாத் துணியையும் ஒரே பெட்டியில் அடக்கி, சீட் எங்கே விழுந்தாலும் பரவாயில்லை என்றால் ஜெட்ஸ்டார் 235தான். 92 டாலர் லாபம் நிஜமாகவே கையில் நிற்கும். என் அனுபவத்தில் தனியாளாக, ஒரு முதுகுப்பையோடு போகிறவருக்கு மலிவு ஏர்லைன் எப்போதும் ஜெயிக்கும். பெட்டி கூடக்கூடத்தான் அது தோற்கும். குழந்தைகளைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வைக்க ஏர்லைன்களே முயல்வார்கள் என்பதால் சீட்டுக்குக் காசு கொடுப்பதை நான் அவ்வளவாக ஊக்குவிப்பதில்லை.

பெட்டி வாங்குவதில் மூன்று விலை உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்தால் மலிவு, பிறகு ‘என் பயணம்’ பக்கத்தில் சேர்த்தால் கூடுதல், விமான நிலையத்தில் போய்ச் சொன்னால் கொள்ளை. அதனால் சந்தேகம் இருந்தால் முதலிலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு வழிக்கும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போகும்போது கையை வீசிக்கொண்டு போய், வரும்போது சித்தி கட்டிக் கொடுக்கும் புளிக்காய்ச்சலும் முறுக்கு டின்னும் சேர்ந்துவிடும் என்று தெரிந்தால், திரும்பும் வழிக்கு மட்டும் பெட்டி வாங்கினால் போதும்.

7 கிலோ என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விமானத்தில் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் தராசோடு ஒருவர் நிற்பார். சக்கரம் வைத்த சின்னப் பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அதில் ஒரு லேப்டாப்பும் சார்ஜரும் போட்டால் துணிக்கு என்ன மிஞ்சும்? சக்கரமில்லாத துணிப் பை அல்லது முதுகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேமார்ட் மாதிரிக் கடைகளில் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் லக்கேஜ் தராசு சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஒரு முறை வாசலில் கட்டும் அபராதத்தில் அதைப் போலப் பல தராசுகள் வாங்கலாம். கனமான ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொண்டு போவது இங்கே எல்லாரும் செய்வதுதான், கூச்சம் வேண்டாம்.

மூன்றாம் படி: தேடுவது

கூகுள் ஃபிளைட்ஸ் அல்லது ஸ்கைஸ்கேனரில் தொடங்குங்கள். தேதிகளை வரிசையாகப் போட்டு எந்த நாளில் என்ன விலை என்று காட்டும் நாட்காட்டிப் பார்வைதான் உங்களுக்கு வேண்டியது. நாள் நிச்சயமில்லை என்றால் விலை குறையும்போது மின்னஞ்சல் அனுப்பும் எச்சரிக்கையை வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஆனால் வாங்குவது ஏர்லைனின் சொந்த வலைத்தளத்தில்.

இடைத்தரகர் தளங்களில் ஐந்து பத்து டாலர் குறைவாகத் தெரியும். கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று ஒன்று முளைக்கும், பல சமயம் விலை சமமாகிவிடும். உண்மையான சிக்கல் விமானம் ரத்தாகும்போது வரும். ஏர்லைனைக் கூப்பிட்டால் ‘வாங்கிய இடத்தில் கேளுங்கள்’ என்பார்கள். வாங்கிய இடத்தின் தொலைபேசி எங்கோ ஒரு நாட்டில் அடித்துக்கொண்டே இருக்கும்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி கிடைக்கும் என்பது இங்கே உள்நாட்டுப் பயணத்துக்குப் பொருந்தாது. கட்டணம் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் போடப்படுகிறது. ஜெட்ஸ்டார் நடத்தும் ‘திரும்பும் வழி இலவசம்’ விற்பனை மாதிரிச் சில நேரங்கள் விதிவிலக்கு. மற்றபடி வெள்ளிக்கிழமை வெர்ஜினில் போய், செவ்வாய்க்கிழமை ஜெட்ஸ்டாரில் திரும்பலாம். தனித்தனியாக எடுப்பதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது: ஒரே பதிவில் போவதும் வருவதும் இருந்து, போகும் விமானத்தை நீங்கள் தவறவிட்டால், திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடக்கூடும்.

நள்ளிரவில் தேடு, உலாவியின் நினைவகத்தை அழித்துவிட்டுத் தேடு என்றெல்லாம் சொல்வார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் செய்யட்டும். விலை மாறுவது மலிவு வகை சீட்டுகள் தீர்ந்துபோவதால். அந்த நேரத்தில் உங்களைப் போலவே இன்னும் நாலு பேர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நான்காம் படி: எப்போது போவது, எப்போது வாங்குவது

மெல்பர்ன்–சிட்னி உலகிலேயே அதிகம் பேர் பறக்கும் தடங்களில் ஒன்று. அதில் பெரும் பங்கு அலுவலக வேலையாகப் பறப்பவர்கள். கம்பெனி காசு கொடுக்கும் என்பதால் அவர்கள் விலை பார்ப்பதில்லை. அவர்கள் போகும் நேரத்தை விட்டு விலகுவதுதான் உங்கள் வேலை. திங்கள் காலை, வெள்ளி மாலை, ஞாயிறு மாலை மூன்றும் விலை உச்சத்தில் இருக்கும். செவ்வாய், புதன் நடுப்பகல், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் இவையெல்லாம் சல்லிசு. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவதற்குப் பதில், ஒரு நாள் லீவு போட்டு சனி காலை போய்த் திங்கள் மதியம் திரும்பினால் பல சமயம் விலை பாதியாகிவிடும்.

வெர்ஜின் வியாழக்கிழமைதோறும் மாலை 4 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ‘ஹேப்பி ஹவர்’ என்று ஒரு விற்பனை நடத்துகிறது. அவர்கள் ஒன்று தொடங்கினால் எதிர்வீடு சும்மா இருக்காது. ஜெட்ஸ்டாரும் அந்த நேரத்தை ஒட்டி இறக்கும். அதனால் அவசரமில்லாத பயணத்தை வியாழன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்பது நல்ல வழக்கம். விற்பனை விலைகள் பெரும்பாலும் சில வாரங்கள் தள்ளிய தேதிகளுக்குத்தான் இருக்கும், பள்ளி விடுமுறைக்கு இருக்காது.

பள்ளி விடுமுறை என்றதும் ஒரு விஷயம். இங்கே நான்கு பருவங்கள். ஏப்ரல், ஜூன் கடைசி–ஜூலை, செப்டம்பர் கடைசி–அக்டோபர் என மூன்று சின்ன விடுமுறைகளும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை பெரிய விடுமுறையும் வரும். இதில் கவனிக்க வேண்டியது, மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும் என்பது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் விடுமுறை தொடங்கியிருக்கும், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் இன்னும் ஒரு வாரம் இருக்கும். பள்ளி செல்லும் பிள்ளை இல்லாதவர்கள் இரண்டு மாநில அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் விடுமுறை இல்லாத வாரத்தைப் பிடிக்கலாம். நம் சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14 வாக்கில் வருவதால் பெரும்பாலும் ஈஸ்டரை ஒட்டிய விடுமுறையில் மாட்டிக்கொள்கிறது. அதற்கு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஜனவரி, பிப்ரவரியிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

மெல்பர்ன் பக்கம் போகிறவர்கள் இன்னும் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: மார்ச் மாதம் நடக்கும் கார் பந்தயம், செப்டம்பர் கடைசியில் வரும் ஆஸ்திரேலிய கால்பந்து இறுதி ஆட்டம், நவம்பர் முதல் செவ்வாயன்று மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம், டிசம்பர் 26 தொடங்கும் கிரிக்கெட் டெஸ்ட். அந்த நாட்களில் விமானமும் விலை, தங்குமிடமும் விலை. இந்திய அணி சுற்றுப்பயணம் வரும் ஆண்டு என்றால் டெஸ்ட் அட்டவணை வெளியான அன்றே டிக்கெட் தேட ஆரம்பிப்பவர்கள் நம்மில் உண்டு.

பொதுவாக, பெரிய நகரங்களுக்கு இடையே சாதாரண வாரத்துக்கு நாலு முதல் எட்டு வாரம் முன்பாக வாங்கினால் போதும். கடைசி நாள் வரை காத்திருந்தால் விலை இறங்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே அது ஏறத்தான் செய்யும்.

பெர்த்திலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு நள்ளிரவு விமானம் ஒரு நல்ல வழி. இரவு கிளம்பி விடிகாலை இறங்கலாம், ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை மிச்சம். தூக்கம் கெடும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் படி: விமான நிலையத்துக்குப் போகும் செலவு

69 டாலர் டிக்கெட் எடுத்துவிட்டு, 90 டாலர் டாக்ஸிக்குக் கொடுப்பவர்களை நிறையப் பார்க்கலாம். எனவே டிக்கெட்டை உறுதி செய்யும் முன்பே அந்த நேரத்தில் ரயில், பஸ் ஓடுமா என்று பாருங்கள். காலை 6 மணி விமானம் 20 டாலர் குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்த நேரத்துக்கு வந்து சேர்வது சிரமம் என்பதே.

சிட்னியில் விமான நிலைய ரயில் நிலையங்களைப் பயன்படுத்தினால் வழக்கமான ரயில் கட்டணத்துக்கு மேல் பதினேழு, பதினெட்டு டாலர் நிலையக் கட்டணம் எடுப்பார்கள். இரண்டு பேர் என்றால் இரண்டு மடங்கு. அதைத் தவிர்க்க 420 என்ற சாதாரண நகரப் பஸ் இருக்கிறது. அதில் ஏறி மாஸ்கட் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து ரயில் பிடித்தால் அந்தக் கூடுதல் கட்டணம் இல்லை. பெரிய பெட்டி இல்லாதவர்களுக்கு அருமையான வழி. இன்னொன்று: சிட்னியில் சர்வதேச முனையமும் உள்நாட்டு முனையங்களும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. நடந்து போக முடியாது. அப்பா அம்மாவை அழைக்க வருகிறவர்கள் முனையத்தை மாற்றிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும்.

மெல்பர்ன் டல்லமரைன் விமான நிலையத்துக்கு ரயிலே கிடையாது. ஸ்கைபஸ் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து ஓடுகிறது, வேகமானது, இருபது டாலருக்கு மேல் ஆகும். மலிவாக வேண்டுமென்றால் பிராட்மெடோஸ் நிலையம் வரை ரயில், அங்கிருந்து 901 எண் பஸ்; மெல்பர்ன் ரயில், பஸ்ஸுக்கான மைகீ அட்டையிலேயே முடிந்துவிடும். மெல்பர்னுக்கு அவலான் என்று இரண்டாவது விமான நிலையம் ஒன்றும் உண்டு, ஜீலாங் போகும் வழியில். ஜெட்ஸ்டார் அங்கிருந்து சில ஊர்களுக்குப் பறக்கிறது. டார்னிட், வெரிபி, பாயிண்ட் குக் பக்கம் இருப்பவர்களுக்கு அது டல்லமரைன் அளவுக்கே கிட்டம், கார் நிறுத்தமும் எளிது. டாண்டினாங் பக்கம் இருப்பவர் விலையைப் பார்த்து மயங்கி அங்கே டிக்கெட் எடுத்தால், நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

பிரிஸ்பேனில் 2024 ஆகஸ்ட் முதல் பொதுப் போக்குவரத்து முழுவதும் 50 சென்ட்தான், ஆனால் அந்தக் கட்டணம் விமான நிலைய ரயிலுக்குப் பொருந்தாது. பெர்த் இதில் தங்கம்: 2022 அக்டோபரில் தொடங்கிய விமான நிலைய ரயிலில் கூடுதல் கட்டணம் எதுவும் கிடையாது. குவாண்டஸ் பயணிகள் ரெட்கிளிஃப் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

மேற்கு சிட்னியில் பேட்ஜரிஸ் கிரீக்கில் புது விமான நிலையம் வருகிறது. இரவில் விமானம் பறக்கத் தடை இல்லாத நிலையம் அது. வென்ட்வொர்த்வில், டூங்கபி பக்கத்து நம் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட வசதி என்பது அங்கே எத்தனை விமானங்கள் வருகின்றன என்பதைப் பொறுத்தது.

பெயரும் பணமும்

படிவத்தில் நமக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நம்மில் பலரது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். உள்ளூர் வங்கி அட்டையில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு மாதிரி பெயர் வந்துவிடுகிறது. டிக்கெட்டில் எது போட வேண்டும் என்றால், நீங்கள் கையில் கொண்டுபோகப் போகும் அடையாள அட்டையில் இருப்பது போலவே போடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இரண்டாவது கட்டத்தில் என்ன நிரப்புவது என்பதை ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. வாங்கும் முன் அவர்களது உதவிப் பக்கத்தையோ அரட்டைச் சேவையையோ கேட்டுவிடுவது நல்லது. மலிவு டிக்கெட்டில் பெயர் மாற்றக் காசு கேட்பார்கள், சிலவற்றில் மாற்றவே முடியாது.

பணம் கட்டும் பக்கத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே காப்பீடு, கார் வாடகை, சீட், சாப்பாடு, கூடுதல் இடவசதி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லலாம். முன்பெல்லாம் குறைந்த விலையைக் காட்டிக் கூட்டி வந்து கடைசியில் கட்டணங்களை ஏற்றுவது சகஜமாக இருந்தது. இப்படிச் செய்ததற்காக 2017இல் ஜெட்ஸ்டாருக்கு 5,45,000 டாலரும் வெர்ஜினுக்கு 2,00,000 டாலரும் நீதிமன்றம் அபராதம் விதித்தது. இப்போது பரவாயில்லை, ஆனாலும் கடைசித் தொகையைப் பார்த்த பிறகே அட்டை எண்ணைப் போடுங்கள். அட்டைக்கு ஒரு கட்டணம் சேர்கிறதா, வேறு வழியில் கட்டினால் குறைகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மடியில் உட்கார்ந்தால் உள்நாட்டு விமானத்தில் குவாண்டஸும் வெர்ஜினும் காசு வாங்குவதில்லை. ஜெட்ஸ்டார் சிறு கட்டணம் வாங்கும். பதிவு செய்யும்போதே குழந்தையைச் சேர்க்க மறக்காதீர்கள்.

மளிகை வாங்கும் கடையிலேயே புள்ளிகளும் சேரும். உல்வர்த்ஸின் எவ்ரிடே ரிவார்ட்ஸ் புள்ளியைக் குவாண்டஸ் புள்ளியாகவும், கோல்ஸ் பக்கம் ஃபிளைபைஸ் புள்ளியை வெர்ஜினின் வெலாசிட்டி புள்ளியாகவும் மாற்றலாம், இரண்டிலும் 2,000க்கு 1,000 என்ற கணக்கு. இரண்டு கடை அட்டையும் இலவசம். வெலாசிட்டியில் சேர்வதும் இலவசம். குவாண்டஸ் சேர்க்கைக் கட்டணம் கேட்டால் கட்டாதீர்கள். கூட்டாளி நிறுவனங்கள் வழியாகக் கட்டணமில்லாமல் சேர முடியும். புள்ளிக்காகக் கூடுதலாகச் செலவழிக்க ஆரம்பிக்காத வரைக்கும் இது நல்ல விஷயம்.

சிற்றூரில் குடியேறியவர்களுக்கு

பிராந்திய விசாவில் வந்து சிற்றூரில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பாதிக் கணக்கு உதவாது. ஒரே ஒரு ஏர்லைன்தான் வரும், விலை அவர்கள் சொன்னதுதான். ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, உள்ளூர்வாசி கட்டணம். குவாண்டஸ் சில ஊர்களில் அங்கே குடியிருப்பவர்களுக்குத் தனிச் சலுகை தருகிறது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2022 ஜூலை முதல் தன் பிராந்திய ஊர்களில் வசிப்பவர்கள் சொந்த வேலையாகப் பெர்த் போய்வர உச்சவரம்பு வைத்திருக்கிறது: 1,000 கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களுக்கு ஒரு வழி 199 டாலர், அதற்கு மேல் 299 டாலர். கல்கூர்லியிலோ புரூமிலோ வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரமே இதற்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

பயண நாளில்

உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் திரவங்களுக்கு 100 மில்லி வரம்பு கிடையாது. தண்ணீர் பாட்டில், ரசம் ஊற்றிய ஃபிளாஸ்க், நெய் பாட்டில் எல்லாம் கையிலேயே கொண்டுபோகலாம். விமானத்தில் சாப்பாடு வாங்கக் காசு கொடுப்பதற்குப் பதில் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வழியனுப்ப வருகிறவர்களும் டிக்கெட் இல்லாமலேயே சோதனையைத் தாண்டி விமான வாசல் வரை வரலாம். தனியாகப் பறக்கும் அம்மாவுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

நேர வித்தியாசத்தைக் கவனியுங்கள். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னி, மெல்பர்ன் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே போகும்; குயின்ஸ்லாந்து போகாது. கோல்ட் கோஸ்ட் விமான நிலையம் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் எல்லையின் மேலேயே இருப்பதால், நியூ சவுத் வேல்ஸ் பக்கம் தங்கியிருந்து கைக்கடிகாரத்தை நம்புகிறவர்கள் குழம்பிப்போவார்கள். டிக்கெட்டில் இருப்பது அந்த விமான நிலையத்தின் உள்ளூர் நேரம்.

சிட்னிக்கு அன்றைய கடைசி விமானத்தை மலிவு என்று எடுக்கும் முன் யோசியுங்கள். சிட்னி, அடிலெய்டு, கோல்ட் கோஸ்ட் விமான நிலையங்களில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை தடை. கடைசி விமானம் தாமதமானால் பறக்க முடியாமல் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். மறுநாள் நேர்முகத் தேர்வோ வீட்டுச் சாவி வாங்குவதோ இருந்தால் அதற்கு முந்தைய விமானத்தை எடுங்கள். ஏர்லைனே ரத்து செய்தால் மாற்று விமானம் கேட்கலாம், பணத்தைத் திரும்பவும் கேட்கலாம். முதலில், அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படுத்தும் வவுச்சரைத்தான் நீட்டுவார்கள். அது வேண்டாமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

கடைசியாக, பழமும் கறிவேப்பிலையும். மாநில எல்லைக்கும் இங்கே தாவரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மூன்றும் கண்டிப்பானவை. பிரிஸ்பேன் தோட்டத்து மாம்பழத்தையும் கறிவேப்பிலைக் கொத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு பெர்த்தில் இறங்கினால் பிடித்துக்கொள்வார்கள். பெர்த்துக்குத் தேனும் தடை. இறங்கியதும் வெளியேறும் வழியில் குப்பைத்தொட்டி வைத்திருப்பார்கள், கேள்வி கேட்காமல் அதில் போட்டுவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் அபராதம். மோப்ப நாய் உங்கள் பையருகே வந்து உட்கார்ந்துவிட்டால் மறைக்காமல் திறந்து காட்டுங்கள். முறுக்கு, அதிரசம், வறுத்து அரைத்த பொடி எதற்கும் பிரச்சினை வராது.